இரண்டாம் எதிர்மனுதாரர்

வீரபாகு செத்து எட்டு மாதம். பளையில் அவர் பேரில் கிடந்த தென்னங்காணியை மனைவி பிள்ளைகளுக்கு மாற்ற மரணசாதன வழக்கு வேண்டுமாம். உயிரோடிருந்த காலத்தில் ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலையும் மிதிக்காத மனிசன், செத்தபிறகு மனைவி இராசேஸ்வரியைக் கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு நாயாய் அலைய விட்டிருந்தார்.

அலைச்சல் அவளுக்குப் பெரிதில்லை. மனுவில் பிள்ளைகளின் பெயர் எழுதும்போதுதான் பிரச்சினை வந்தது. மகள் தர்மிளா பக்கத்திலேயே நின்றாள். மகன் ரஜிதன்? இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி யுத்தத்தில், பத்தொன்பது வயதில், ஓடிய சனத்துக்குள் தாயின் கையை விட்டுப் போனவன். இன்றுவரை தகவல் இல்லை.

“மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் வழக்கு கெதியா முடியும், அம்மா,” என்றார் சட்டத்தரணி ராஜினி.

“செத்தவனெண்டு என்ர கையால எழுதமாட்டன் பிள்ளை. காணி போனாலும் போகட்டும்.”

தர்மிளா தலையில் கைவைத்தாள். அந்தக் காணியில் வீடு கட்ட அவள் காத்திருக்கிறாள். கிழவியின் பிடிவாதத்துக்கு முன்னால் சட்டம் படித்த ராஜினியாலும் ஒன்றும் முடியவில்லை. ரஜிதன் இரண்டாம் எதிர்மனுதாரராக மனுவில் ஏறினான். “என்ர பிள்ளை எனக்கு எதிரியோ?” என்று அதற்கும் ஒரு சண்டை. உரித்துள்ளவர்களை நீதிமன்றம் அப்படித்தான் சொல்லும் என்று விளங்கப்படுத்த அரை நாள் போனது.

“நீதிபதி ஏற்காவிட்டால் சான்றிதழ் எடுக்கத்தான் வேணும்,” என்று ராஜினி எச்சரித்திருந்தார். அந்தப் பயத்தோடுதான் வழக்குத் தவணையன்று இராசேஸ்வரி நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் இருந்தாள்.

“வீரபாகு ரஜிதன்,” என்று கூப்பிட்டார் நீதிமன்ற எழுத்தர்.

வராத ஆளை மூன்று தரம் கூப்பிடுவது அங்கே வழக்கம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் பெயரை வாங்கி விறாந்தைக்குச் சொன்னார். இரண்டாம் தரம் விறாந்தையில் நின்றவர்கள் முற்றத்துக்குச் சொன்னார்கள். மூன்றாம் தரம் கேற்றடியில் யாரோ ஓட்டோக்காரன் கண்டி வீதியைப் பார்த்துக் கூப்பிட்டது உள்ளேவரை கேட்டது.

இராசேஸ்வரி கேற்றுப் பக்கம் திரும்பினாள். பதினாறு வருடமாகக் “காணாமல்போன” என்ற சொல் ஒட்டாமல் அந்தப் பெயரை எந்தக் கந்தோரும் சொன்னதில்லை. இன்று அரசாங்கமே, வரவேண்டிய ஒருவனைப் போல அவனைக் கூப்பிடுகிறது. தன்னை அறியாமல் எழும்பி நின்றாள். வெளியே சனம் முழுக்கக் கேற்றைப் பார்த்தபடி நின்றது. கூப்பிட்டும் வராத ஒரு பெயர் அங்கே யார் வீட்டில்தான் இல்லை.

ராஜினி விபரம் சொன்னார். நீதிபதி நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்த தாயைப் பார்த்தார்.

“அம்மா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

“அவன் செத்ததை நான் காணேல்லை ஐயா. காணாததை எப்பிடிச் சத்தியம் பண்ணுறது?”

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார்.

“சத்தியம் பண்ண வேண்டாம். அவருடைய பங்கு அவருடைய பேரிலேயே இருக்கட்டும். அடுத்த தவணைக்கும் கூப்பிடுங்கோ.”

வெளியே வந்ததும் தர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இனி எத்தினை தவணையோ,” என்று அலுத்துக்கொண்டாள்.

“ரெண்டு மூண்டு போகும். நான் குறைக்கப் பாக்கிறன்,” என்றார் ராஜினி.

“குறைக்காதேங்கோ பிள்ளை,” என்றாள் இராசேஸ்வரி. “ஒவ்வொரு தவணையும் அவனைக் கூப்பிடுவினம் எல்லே.”