கீழ் வீட்டு ரோபோ

பல் செட் செய்பவளுக்குப் பேச்சுத் துணை எங்கிருந்து வரும்? நாள் முழுக்க அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதெல்லாம் அச்சில் வார்த்த தாடைகள்தான். வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. "பொழுது போகலைன்னா எதையாவது வாங்கி வச்சு விளையாடுக்கா" என்று தம்பி போனில் சொன்னான். சொன்னதோடு அவன் கடமை முடிந்தது. அவள் ஒரு ரோபோ செட் வாங்கினாள்.

நுணுக்க வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சக்கரம், மோட்டார், எல்லாவற்றுக்கும் மூளையான கன்ட்ரோலர் என்று ஒரே மூச்சில் பூட்டிவிட்டாள். கம்ப்யூட்டரில் புரோகிராமும் எழுதினாள்: முன்னால் போ, மூன்று தரம் கூவு, திரும்பி வா. அனுப்பப் போனால் ப்ளூடூத்தில் கன்ட்ரோலரின் பெயர் இரண்டு தரம் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு என்று நினைத்து முதலாவதைத் தொட்டாள். 'ஓடி முடிந்தது' என்றது திரை. ரோபோவோ பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஒயரை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள். ஊஹூம். அதற்கடுத்த நாள் மின்விசிறி ஓடாததால் ஒரு சத்தம் காதில் விழுந்தது. மூன்று கூவல், தரைக்குக் கீழேயிருந்து.

அப்போதுதான் உறைத்தது. கீழ் வீட்டிலும் இதே செட் இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது எல்லாக் கன்ட்ரோலருக்கும் ஒரே பெயர். அதை மாற்ற இரண்டு வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாளும் அவள் அனுப்பியதெல்லாம் அங்கே ஓடியிருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் படியிறங்கினாள்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், தனிக்கட்டை. அவள் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"சத்தம் மேல கேட்டுச்சாம்மா? என் பையன்தான்! வெளிநாட்டுல இருக்கான். வந்தப்போ இதைக் கட்டிக் குடுத்துட்டுப் போனான். அப்புறம் ஒரு போன் கூட இல்ல, எனக்கும் மனசு விட்டுப் போச்சு. ஆனா இதை மட்டும் அணைக்காம சார்ஜ்லயே வச்சிருந்தேன். இப்போ தினமும் அங்கிருந்தே ஓட்டுறான். ரிவர்ஸ் எடுக்கறதைப் பாக்கணுமே, என் கையேதான்!"

"நல்லா ஓட்டுறாரு சார்" என்றாள். மன்னிப்பைச் சொல்லாமலே படியேறினாள்.

அன்றிலிருந்து தன் ரோபோவை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். சாயங்காலமானால் கீழ் வீட்டு ரோபோவை ஓட்டினாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அமைப்பு, அவர் நாற்காலி இருக்கும் இடமும் வாசலில் நின்றபோது பார்த்தது என்பதால் தன் கூடத்தை அளந்தே புரோகிராம் எழுத முடிந்தது. செய்வது ஏமாற்று என்று தெரியும். மகன் ஒரு போன் போட்டால் குட்டு உடைந்துவிடும் என்றும் தெரியும். ஆனால் மறுநாள் படியில் பார்க்கும்போது, "நேத்து நாற்காலியைச் சுத்தி வந்து என் கால்கிட்ட நின்னான்மா" என்று அவர் சொல்வாரே, அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவளிடம் ஆசையாகப் பேச அந்த ஒரு மனிதர்தான் இருந்தார்.

"நாளைக்கு நீங்களும் வந்து பாருங்களேன். டீ போட்டு வைக்கறேன்" என்றார் ஒருநாள்.

குடிவந்த நாளிலிருந்து அவளை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா? அப்படியானால் ஓட்டுவது யார்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். புரோகிராமின் தலையில் 'கால் மணி நேரம் காத்திரு' என்று சேர்த்து, தட்டிவிட்டு, தலையை வாரிக்கொண்டு இறங்கினாள்.

டீ நன்றாக இருந்தது. நேரம் தப்பாமல் ரோபோ கிளம்பியது. நாற்காலியைச் சுற்றியது, டிரைவரின் காலடியில் நின்றது, கூவியது. அவர் குனிந்து அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கண்ணா, மேல் வீட்டு அக்கா வந்திருக்காங்க பாரு. வணக்கம் சொல்லு. ஒரு கூவு கூவினாப் போதும்."

ரோபோ அசையவில்லை.

"சொல்லுடா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கூச்சப்படுறான்மா. சின்ன வயசுலயே அப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவால்ல சார்" என்று சொல்லி டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். தன்னைப் பார்த்து 'வா' என்று ஒரு கூவு கூவ அதில் ஒரு வரி சேர்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.