கிளிமூக்குக்கு எட்டாத தண்ணீர்

மனைவி ஜன்னலோரம் படுத்தபடி ஒரு பூ விரிவதைப் பார்க்கும் சுகத்துக்கு என்ன விலை? மூன்று தண்ணீர்த் தெளிப்பான். பாத்திரக்கடைக்காரர் அதற்கும் பேரம் பேசினார்.

வீட்டுக்குப் பின்னால் வெறும் மணல். அதில் எருவைக் கொட்டிக் கொட்டி அவர் மனைவி புல்லும் குரோட்டனும் அலங்காரப் பனையும் வளர்த்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே இன்னொரு செடி. வாழை மாதிரி இலை; கிளியின் மூக்கு மாதிரி சிவப்பாகப் பூ வரும் என்று நர்சரிக்காரர் சொல்லி விற்றது. அதற்கு அவள் வைத்த பெயர் கிளிமூக்கு. பூவைத்தான் இன்னும் காணோம்.

நோய் முற்றி நடக்க முடியாமல் போனதும் ஜன்னலிலிருந்தே கணவரை ஏவினாள். அவர் ஹோஸ் பிடிக்கும் அழகைப் பார்த்து, "செடிக்கு ஊத்துறீங்களா, தீயை அணைக்கிறீங்களா?" என்பாள்.

மருத்துவமனையில் சேரச் சொன்ன வாரம் கிளிமூக்கு மொட்டு விட்டது.

"வந்து பார்ப்பேன். காய விட்டுடாதீங்க."

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் ரொம்பக் காலத்துக்கு இல்லை என்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

அவளோடு மருத்துவமனையில் இருக்கவேண்டியவர், தானாக ஓடும் தெளிப்பான் போடப் பைப்காரரை வரவழைத்தார். தெளிப்பான் வரவேண்டிய இடங்களில் பைப்காரர் குச்சி நட்டார்.

"இதென்னப்பா, இவ்வளவு நெருக்கமா?"

"ஒண்ணு அடிக்கிற தண்ணி அடுத்ததோட காலடி வரைக்கும் போகணும், முதலாளி."

"அங்கதான் இன்னொண்ணு நிக்குதே! ஒரே ஆளை ரெண்டு தடவை குளிப்பாட்டுவியா?"

"களிமண்ணுன்னா பக்கத்துல பரவும். மணல்ல விழுந்த இடத்துலயே இறங்கிடும்."

"ஓட்டைக் குடத்தையே வித்தவன் நான். என்கிட்டயா?"

மூன்று குச்சிகளைப் பிடுங்கினார். மூன்றாவது ஜன்னலடியில் இருந்தது. சுவர் நனைந்து பெயின்ட் போய்விடுமாம். பைப்காரருக்கு அடுத்த வேலை கொடுத்திருந்தவர்கள் போனில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். "உங்க தோட்டம், உங்க இஷ்டம்" என்று பைப்காரர் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்.

ஓட்டிப் பார்த்த அன்று காலையில் மழை பெய்திருந்தது. மணல் முழுக்கக் கறுத்துக் கிடந்ததில் எது மழை, எது தெளிப்பான் என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் நனைகிறது என்று அவர் டைமரை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார்.

"மூணைக் குறைச்சிட்டேன்" என்றார்.

"எதுல?"

"அது தொழில் ரகசியம்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அதன்பின் அவருக்கு நாற்காலிதான் படுக்கை. சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தால் முன்வாசலோடு சரி. கொல்லைப்பக்கம் தண்ணீர் 'ஸ்ஸ்' என்று சீறும் சத்தம் கேட்கும். அது போதும் அவருக்கு, திரும்பி ஓடுவார்.

அவளைக் கொண்டுவந்து ஜன்னலோரம் கிடத்தினார்கள். திரையை விலக்கப் போனவர், ஓரமாக எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டார். வெளியே வட்ட வட்டமாகப் பச்சை. வட்டங்களுக்கு நடுவே வெந்த மணல். கிளிமூக்கின் இலைகள் கசக்கிய காகிதப் பையாகச் சுருண்டிருந்தன. மொட்டு விரியாமலே கருகிவிட்டது.

"திறங்க."

"வெயில் அடிக்குதும்மா."

"சாயங்காலத்துல என்ன வெயில்? திறங்க."

திறந்தார். அந்த நேரம் பார்த்து டைமர் ஓடியது. தண்ணீர் எழும்பி, வளைந்து, செடிக்கு முன்னால் வந்து விழுந்தது.

"ஒரு முழம்" என்றாள். "ஒரு முழம்தான் எட்டலை."

அவர் ஓடிப்போய் வாளி வாளியாக ஊற்றினார். ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே மறைந்தது.

"போதும், உள்ள வாங்க. காலெல்லாம் மணல்."

வந்து கட்டிலடியில் உட்கார்ந்தார். அவள் கை அவர் தலைமேல் வந்து நின்றது.

"கணக்கு சொல்லுங்க. புல்லு?"

"இருக்கு."

"பனை?"

"இருக்கு."

"குரோட்டன்?"

"பாதி."

அடுத்ததை அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "புதுக் கிழங்கு வாங்கி நட்டுடறேன். கேட்ட விலை குடுத்துடறேன்."

"அது எப்பங்க பூக்கும்?"

அவர் காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"சரி, பாக்கியாவே இருக்கட்டும். வசூல் பண்ண எனக்கு நேரமில்லை."

புல், பனை, பாதிக் குரோட்டன் வரவு. ஒரு பூ பாக்கி.