கிடங்கு

"ஒட்ட வெட்டு," என்றார் சந்தியாப்பிள்ளை. "பெட்டிக்குள்ள வச்சா எல்லாரும் கையத்தான் பாப்பாங்க."

மெற்றில்டா அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்து நகவெட்டியை மெதுவாக அழுத்தினாள். நகம் மஞ்சளாகித் தடித்திருந்தது. மண்ணிலிருந்து எடுத்த பானை ஓட்டைத் துலக்குகிற கவனம் அவளையறியாமல் அவள் கைக்கு வந்திருந்தது. அதை அவரும் கண்டிருக்க வேண்டும். கையைச் சற்றே இழுத்துக்கொண்டு, பிறகு திரும்பவும் நீட்டினார்.

ஒன்பது வருடங்களில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான். மற்ற நாட்களில் "வந்தியா", "சாப்பிட்டியா" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடும். ஈரலில் வந்த நோய்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லி ஆறு நாள். நேற்று கோயில் சுவாமி வந்து, சாகக் கிடப்பவருக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுராதபுரத்துக்கு அப்பால் ஓர் அகழ்வில் நின்றவள் தோண்டிய கிடங்குக்கு மேல் தறப்பாளை இழுத்து மூடிவிட்டு, மண் ஒட்டிய சப்பாத்தோடே நுரைச்சோலை வந்து இறங்கியிருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் கோயில் திருநாள் வாரத்தில் அவர்தான் அவளை மறைக்கல்வி வகுப்புக்குக் கூப்பிட்டார். முப்பது வருடமாக உபதேசியார் அவர். படித்த மகள் வந்து பிள்ளைகளுக்கு, யோசுவா எக்காள முழக்கத்தால் விழுத்திய எரிகோ மதிலைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை. 'எரிகோவின் மதில் கண்டெடுப்பு' என்று ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த துண்டை வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள். மதில் இருந்தது உண்மை, ஆனால் அது யோசுவாவின் காலத்துக்குக் கனகாலம் முந்தியே விழுந்துவிட்டது என்றுதான் கூடுதலான ஆய்வாளர் சொல்கிறார்கள், இல்லையென்று வாதாடுகிறவர்களும் உண்டு, எல்லாம் பானை ஓட்டை வைத்து நடக்கிற சண்டை என்றாள்.

முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழும்பிக் கேட்டான். "அப்ப உபதேசியார் சொன்னது பொய்யா, ரீச்சர்?"

"பொய்யெண்டு இல்ல. யோசுவா எண்டு ஒருத்தர் வந்ததுக்கு ஆதாரம் இல்ல. அவ்வளவுதான்."

அப்பா அந்தப் பேப்பர்த் துண்டை உறையோடு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

வலது கை முடிந்து இடது கைக்கு மாறியபோது வாசலில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் செய்கிற அபூசாலி. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மாத் தொழுகை முடிந்து இந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் அவர் தன் வீட்டுக்குப் போவார்.

"என்ன உபதேசியார், மகள் வந்தோடன மூஞ்சி வெளிச்சமா ஈக்கி?"

"அது காய்ச்சல்."

அபூசாலி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா அடுப்படியிலிருந்து கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கினார். "மகள், ஒங்களால எனக்கு நடந்தது தெரியுமா? நீங்க அண்டைக்கிச் சொன்னத இவரு என்கிட்டச் சொல்லிக் கவலப்பட்டாரு. நான் வாய வச்சிட்டுச் சும்மா ஈந்தீக்கலாம். மூசா நபிட, ஒங்கட மோசேட ஆக்கள் நாப்பது வருஷம் பாலைவனத்துல நடந்தீக்காங்களே, ஒரு சட்டி பானையாச்சும் ஒடஞ்சி கெடக்கணுமே, அதத் தேடினாங்களாமாண்டு கேட்டேன். ரெண்டு மாசம் எங்கூட கதைக்கல்ல இந்த மனிசன்."

"தேடித்தான் இருக்காங்க, அபூசாலி நானா," என்றாள் மெற்றில்டா. "ஒண்டும் கிடைக்கல்ல."

"பாத்தியா, திரும்பவும் சொல்றா." அபூசாலி சிரித்தார்.

சந்தியாப்பிள்ளை சிரிக்கவில்லை. "நடக்கிறவன் என்னத்த விட்டிட்டுப் போவான்?" என்றார் கூரையைப் பார்த்தபடி. "நாங்களும் நடந்தம்தானே. சண்டைக்குப் பயந்து, மறிச்சுக்கட்டி தாண்டிக் காட்டால அஞ்சு நாள். எங்கட அடி எங்க கிடக்கு?"

அபூசாலி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழும்பி, நண்பரின் நெற்றியில் கை வைத்து எடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வெளியே கொடியில் காய்ந்த வேட்டி காற்றில் அடித்தது.

"புள்ள."

"ஓம் அப்பா."

"நீ தோண்டுற ஆள்தானே. ஒண்டு கேக்கிறன். மூண்டு மாசப் புள்ள. பெட்டி இல்ல. அம்மாட சீலையில சுத்தினது. முப்பத்திநாலு வருசம். என்ன இருக்கும்?"

அடுப்படியில் கஞ்சி துழாவுகிற அகப்பைச் சத்தம் நின்றது.

மெற்றில்டாவுக்கு அப்போது ஐந்து வயது. தண்ணீர்த் தகரத்தின் கம்பிப்பிடி உள்ளங்கையை அறுத்தது நினைவிருக்கிறது. அம்மாவின் முதுகு நினைவிருக்கிறது. 'காட்டில விட்ட சின்னவன்' என்று எப்போதாவது வீட்டில் சொல்வார்கள், சொன்ன உடனே வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அவனுடைய முகம் அவளுக்கு நினைவில் இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"எவடத்தில அப்பா?"

"குதிரைமலைக்கு இஞ்சால. சிவத்த மண். ஒரு பாலை மரத்துக்குக் கீழ. மம்பெட்டி இல்ல. சட்டி மூடியாலதான் தோண்டினன். முழங்கை ஆழந்தான் போச்சு." மூச்சு வாங்கினார். "பிறப்புப் பதியேல்ல. போத்தல்ல கிடந்த கடைசித் தண்ணியில நானே ஞானஸ்நானம் குடுத்தன். எந்தக் கோயில் புத்தகத்திலயும் இல்ல. படம் இல்ல. நானும் அம்மாவும் போனா அவன் இருந்ததுக்கு என்ன ஆதாரம்? உன்ட படிப்புப்படி பாத்தா அவன் இல்ல. என்ன?"

எலும்பு இருக்கும் என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் இந்த மனிதனுக்குத் தெரிந்துவிடும்.

"எலும்பு இராது அப்பா. அந்த மண்ணில சின்னப் புள்ளட எலும்பு நிக்காது. சீலையும் உக்கியிருக்கும்."

அவர் கண்ணை மூடினார். அடுப்படியில் ஒரு மூடி விழுந்து, சுழன்று, ஓய்ந்தது.

"ஆனா கிடங்கு இருக்கும்."

"என்ன?"

"நீங்க தோண்டின கிடங்கு. ஒருக்காத் தோண்டின மண் பிறகு பழையபடி ஆகாது. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்திரும். நிறம் வேறயா நிக்கும். கை வச்சா இளக்கமா இருக்கும். எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தி வீட்டுக்கு நட்ட மரக் கப்பு உக்கி ஒண்டுமில்லாமப் போயிருக்கு, அந்தக் கப்புக்குத் தோண்டின குழிய நான் கண்டிருக்கிறன். அதுக்குள்ள விரல் விட்டுப் பாத்திருக்கிறன்."

"சட்டி மூடியால தோண்டினதுமா?"

"மூடி வெட்டின அடையாளமும் சில வேளை கிடக்கும்."

காற்று கூரைத் தகட்டைத் தட்டிவிட்டுப் போனது. அவர் மூடிய கண்ணைத் திறந்தார்.

"எனக்காகச் சொல்றியா?"

"இல்ல. இதுக்கு ஆதாரம் இருக்கு."

அவருடைய வாய் ஓரம் கொஞ்சம் கோணியது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை.

"என்ன பேர் வச்சனீங்க?" என்று கேட்டாள். முப்பத்திநாலு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

அவர் உதட்டை ஈரப்படுத்தினார். ஆனால் பதில் வந்தது அடுப்படி வாசலில் இருந்து. அம்மா றோசா கையில் அகப்பையோடு நின்றாள். கஞ்சி அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோசுவா," என்றாள்.

அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்ன வசனம் மெற்றில்டாவுக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. நகவெட்டி அவள் விரல்களுக்கிடையில் திறந்தபடி இருந்தது. வருடா வருடம் எரிகோ மதில் விழுகிற அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் அப்பா புத்தகத்தைப் பாராமல் படிப்பித்ததும், முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும் ஞாபகம் வந்தன. அவள் அவருடைய கையை விடாமல் வைத்திருந்தாள். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு அவர் மூச்சு நின்றது. இடது பெருவிரல் மட்டும் மிச்சம் இருந்தது. கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியபோது அவள் அந்த நகத்தையும் ஒட்ட வெட்டினாள்.

அடுத்த நாள் பின்னேரம், அவரை அடக்கம் செய்கிற சேமக்காலையில் சாம்பல் நிற மேல்மண்ணுக்குக் கீழே மஞ்சள் மணல் இருந்தது. குழியின் சுவரில் இரண்டுக்கும் நடுவே கோடு கீறினதுபோல் தெரிந்ததை மெற்றில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். சுவாமி செபம் சொன்னார். அபூசாலி மதிலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார், பிறகு உள்ளே வந்து ஒரு பிடி மண் போட்டார். குழி வெட்டுகிற றொபி இரண்டு மண்ணையும் சேர்த்து வாரி மூடி, மம்பெட்டியின் முதுகால் தட்டி மட்டமாக்கினான்.

"குருசக் கெதியா நட்டுருங்க, அக்கா," என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு மழை பெஞ்சா இடமே தெரியாது. எல்லாம் ஒரே மண்ணாயிரும்."

மெற்றில்டா மண் நிறம் மாறுகிற விளிம்பைப் பார்த்தாள்.

சனம் கலைந்து வாசலை நோக்கி நடந்தது. அம்மா மட்டும் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூடிய குழியின் ஓரத்தில் மெல்லக் குந்தினாள். நிறம் மாறுகிற அந்த விளிம்புக்கு வெளியே ஒரு தடவை உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். பிறகு விளிம்புக்கு உள்ளே வைத்து அழுத்தினாள். கை கொஞ்சம் கீழே இறங்கியது. அதை அவள் எடுக்கவில்லை.