தவ்குவாப் பிரட்டல்

புருஷன் கந்தன் போன பிறகு நாகமணி சமையலைச் சுருக்கிக்கொண்டாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டும்? காலையில் ஒரு பிடி அரிசி, கொஞ்சம் புளி ரசம். மாலையில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் அதே சோறு, அதே ரசம். தொட்டுக்கொள்ள ஊறுகாய். மேலே கட்டித் தேத்தண்ணீர் ஒரு குவளை. முடிந்தது.

அவள் கவுச்சியை விட்டது கந்தன் உயிரோடு இருந்தபோதே. கொழுந்து லோரியிலிருந்து விழுந்து அவன் இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி நடப்பது சிரமம் என்றார்கள். அன்றைக்குத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, "அவரு எழுந்து நடந்தா ஆயுசுக்கும் நான் கவுச்சியத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கந்தன் நடந்தான். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தான், ஆனாலும் நடந்தான். அதன்பின் அவனுக்குக் கறி ஆக்கிப் போடும்போது உப்புப் பார்க்க அவனையே கூப்பிடுவாள். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை ஊற்றினால் நக்கிப் பார்த்து, கரித்தாலும் சரியாக இருக்கிறது என்பான். நான்கு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டான்.

தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருந்த வீடுகளில், வீட்டுக்கு வீடு குழம்புக் கிண்ணம் போய் வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக் கிண்ணம். கந்தன் இருந்தவரை அவன் பெயருக்கு வந்தது. அவனுக்குப் பின் யார் கொடுத்து அனுப்புவார்கள்? பகையொன்றும் இல்லை, பாருங்கள். சைவக்காரி வீட்டுக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுபோனது. கிண்ணம் நின்றதும் அதோடு வருகிற பேச்சும் நின்றது.

எழுபத்தெட்டாம் வருடம் மழைக்காலத்தில், பனி மூடிய சரிவில் கூடையோடு அவள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தங்கம்மாதான் தாங்கிப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். தங்கம்மா லயத்திலும் அடுத்த வீடு.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசர் சுப்பிரமணியம் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா. என்ன சாப்பிடுறீங்க?"

தங்கம்மா முந்திக்கொண்டாள். "எங்கய்யா சாப்புடுது! நேர்த்தியாம். ஆளே போயிட்டாரு, இன்னும் என்னா நேர்த்தி? ஒரு முட்டையாச்சும் குடிக்கச் சொல்லுங்க."

"முட்டை தின்னாத்தான் தேறுவேன்னா நான் தேறவே வேணாம்யா" என்றாள் நாகமணி.

டிரசர் சிரிக்கவில்லை. "யாரு தின்னச் சொன்னா? எங்க வீட்டுலயும் சைவந்தான். சைவத்துல தப்பில்ல. நீங்க சைவத்தையே சாப்பிடல, அதான் தப்பு. ரசம் ஒரு சாப்பாடா? சீனர் கடையில தவ்குவா விக்கிறாங்களே, வெள்ளையா, கட்டி கட்டியா. சோயா மொச்சையில செய்யுறது. கறியில இருக்கிற புரதம் அதுலயும் குறையில்லாம இருக்கு. அதச் சாப்பிடுங்க. அதுக்காக அது ஒண்ணே போதும்னு இருந்துடாதீங்க. கீரை வேணும், பால் வேணும். நான் தர்ற மாத்திரையும் வேணும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வேணாம். கீரைச் சத்த அது உடம்புல சேர விடாது."

"தேயிலைத் தோட்டத்துல ஒக்காந்துக்கிட்டுத் தேத்தண்ணி வேணாங்கிறீங்களே. தொரை காதுல விழப்போவுது!" என்றாள் தங்கம்மா.

"ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும். தொரைக்கு நட்டமில்ல."

அந்த ஞாயிறு நாகமணி லோரியில் தொற்றிக்கொண்டு கியா பார்ம் கடைத்தெருவுக்குப் போனாள். கடையில் பொரித்த தவ்குவா பொன்னிறமாகக் குவிந்திருந்தது. கை நீளவில்லை. எந்த எண்ணெயில் பொரித்தார்களோ, பன்றிக் கொழுப்பாக இருந்தால்? கடைக்காரச் சீனத்தி அவள் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, பொரிக்காத கட்டியை வாளித் தண்ணீரிலிருந்து எடுத்து நீட்டினாள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் தானும் இறைச்சி தொடுவதில்லை என்று அரைகுறை மலாயில் சொல்லி, கல்லை மேலே வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் பொரிக்கும்படி கையாலேயே காட்டிக்கொடுத்தாள்.

முதல் தடவை அவசரத்தில் கல் வைக்காமல் சாம்பாரில் போட்டாள். கரைந்து, பச்சை மொச்சை வாடை அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். மறுவாரம் வடித்துப் பொரித்தாள். உள்ளே இறங்கியது. கீரையும் பாலும் சேர்ந்தன. மாத்திரையையும் விடவில்லை. மாதங்கள் போகப்போகச் சரிவில் ஏறும்போது மூச்சு இரைப்பது குறைந்தது. டிரசர் இமையை இழுத்துப் பார்த்து, "இப்பத்தான் செவப்பு தெரியுது" என்றார்.

உடம்பு தேறினால் நாக்கும் கேட்கும் அல்லவா? ஒரு ஞாயிறு மாலை, பட்டை, சோம்பு, நட்சத்திரப்பூ, தேங்காய் எல்லாம் வறுத்து அம்மியில் அரைத்து, பொரித்த தவ்குவாவைப் போட்டுக் கருகருவென்று பிரட்டினாள். அந்த லயத்தில் அந்த மசாலாவைக் கறிக்குத் தவிர வேறெதற்கும் யாரும் அரைத்ததில்லை. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டு வாசம் எல்லா வீட்டுக்கும்.

தட்டில் சோறு போட்டு, மேலே பிரட்டலை வைத்துக்கொண்டு அவள் உட்காரவும் தங்கம்மா கிண்ணத்தோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"யக்கா! என்னா வாசம் லா! இன்னிக்குத்தான் இந்த வீட்டுல மனுசங்க திங்கிற சாப்பாடு கொதிக்குது. நல்ல வேலை செஞ்சீங்க. வெக்கப்படாதீங்க, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். எங்கூட்டு ஆட்டுக்கறியயும் பாருங்க."

நாகமணி வாயைத் திறப்பதற்குள் இரண்டு கரண்டி தட்டில் விழுந்துவிட்டது. தங்கம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். தன் புருஷன் முனியாண்டி புது மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாக அளப்பதையும், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சாரதாவுக்கு ஈப்போவில் மாப்பிள்ளை பார்த்திருப்பதையும் கொட்டத் தொடங்கினாள். எத்தனை காலமாயிற்று இந்த அடுப்படியில் இன்னொரு குரல் கேட்டு!

நாகமணி தட்டைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கருப்பு. எது தவ்குவா, எது கறி என்று தெரியவில்லை. பேசாமல் ஒரு வாய் தின்றுவிட்டால் போதும். இந்தக் குரல் நாளைக்கும் வரும். அடுத்த ஞாயிறும் வரும். பிசைந்தாள். உருட்டினாள். உருண்டை கையிலேயே இருந்தது.

"தங்கம்மா. நான் ஆக்குனது கறி இல்லடி. தவ்குவா."

"சும்மா வெளாடாதீங்க."

"சட்டிய வழிச்சுப் பாரு."

தங்கம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். "அடப்பாவமே, இந்தச் சீனத் தவ்குவாவா என்னை இழுத்துக்கிட்டு வந்துச்சு!" என்று சிரித்தவள், தட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நான் உங்க சோத்துல..."

"தெரியாமத்தானே போட்டே."

"இன்னும் அவருக்காகவாக்கா?"

"நடக்கணும்னு கேட்டேன். நடந்தாரு. கேட்டத வாங்கிக்கிட்ட பின்னால, குடுத்தத எப்படிடி திருப்பி எடுக்கிறது?"

தங்கம்மா எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நாய்க்குக் கொட்டினாள். சாம்பல் போட்டு இரண்டு தடவை கழுவி, கொண்டுவந்து வைத்தாள். தன் கிண்ணத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நாகமணி சட்டியில் மிச்சமிருந்ததைச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். அடுத்த வீட்டில் தட்டுச் சத்தம், முனியாண்டி எலும்பு உறிஞ்சும் சத்தம், ஏதோ கேட்டு அவன் சிரிக்கும் சத்தம். தன்னைப் பற்றித்தானோ என்னவோ. பசித்தது. கடைசிப் பருக்கை வரை தின்றாள்.

கைகழுவி வந்து உட்கார்ந்தபோது சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"யக்கா, சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"வயிறு நெறைஞ்சுதா?"

"வயிறு நெறைஞ்சுதுடி" என்றாள் நாகமணி. அந்தப் பக்கமிருந்து இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.