இரண்டாம் பத்தியின் மாமா

அந்தக் கல்வி ஆலோசனை நிலையத்தின் வழியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்ற முதல் நாற்பத்து மூன்று மாணவர்களுக்கும் ஒரே தாய்மாமன் இருந்தார். அவர் பிறந்தது ஒரு நோக்கக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில். பிறக்கும்போதே அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. முதல் மூன்று ஆண்டுகள் அவர் காகிதத்தில் மட்டுமே வசித்ததால் எவருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை. நான்காம் ஆண்டின் சேர்க்கைப் பருவத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கையில் பழுப்புநிறப் பெட்டியுடன் குழாய் பழுதுபார்ப்பவர் வீட்டின் அழைப்புமணியை அவர் அழுத்தினார்.

நிலையத்தை நிறுவிய பெண்மணியை எல்லோரும் விண்ணப்பக்கா என்றே அழைத்தனர். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்பில் குடைந்த அரைவட்டத் துளைக்குப் பின்னால் அமர்ந்து, "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் பணியை அவர் குறைவின்றிச் செய்துவந்தார். அங்கே அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மாணவர் எதற்காகப் படிக்க விரும்புகிறார் என்று விளக்கும் நோக்கக் கடிதத்தில், முதல் பத்தியை அதிகாரிகள் வெறும் பணிவுரை என்று தாண்டிவிடுகின்றனர். மூன்றாம் பத்தியை எட்டுவதற்குள் தேநீர் வந்துவிடுகிறது. படிக்கப்படுவது இரண்டாம் பத்தி மட்டுமே. இந்த ஒற்றை அறிவை மூலதனமாகக் கொண்டு அவர் வேலையை விட்டார். அவருடைய மூத்த சகோதரிக்கு இது பிடிக்கவில்லை.

"ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் தாண்டினதில்ல நீ. நீ அடுத்தவங்களை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறியா?"

"டிக்கெட் குடுக்கிறவர் எல்லா ஊருக்கும் போய்ட்டு வந்தா குடுக்கிறார், அக்கா?"

மருந்துக்கடையின் மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. படிக்கட்டு முழுவதும் இருமல் மருந்தின் இனிப்பு மணம். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், துருவப் பகுதியில் நசுங்கியதால் தென்கோடிக்கு யாரையும் அனுப்ப இயலாத ஓர் உலக உருண்டை, ஐந்தாவது தாளை மட்டும் தவறாமல் மெல்லும் ஓர் அச்சுப்பொறி, தொடக்கத்தில் இவ்வளவே. முதலில் படியேறி வந்தவள் குழாய் பழுதுபார்ப்பவரின் மகள். நீர்வளப் பொறியியல் படிக்கவேண்டும் என்றாள்.

"ஏன் அதைப் படிக்கணும்னு தோணுச்சு?"

"லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு."

"சின்ன வயசுல தண்ணியைப் பார்த்து ஏதாவது…?"

"அப்பாவைத்தான் பார்த்தேன். தினம் நனைஞ்சுட்டு வருவார்."

இதில் எழுதத்தக்க செய்தி ஏதுமில்லை என்று முடிவு செய்த விண்ணப்பக்கா, கால்மணி நேரத்தில் அவளுக்கு ஒரு மாமாவை உருவாக்கினார்: பொறியாளர், காதோரம் நரை, மென்மையான குரல். ஒன்பது வயதில் அவளை ஓர் அணைக்கட்டுக்கு அழைத்துச்சென்று, 'இது எப்படி இயங்குகிறது என்று யோசித்ததுண்டா?' என்று அவர் கேட்டதாக இரண்டாம் பத்தி கூறியது. ஆறே வாரத்தில் இடம் கிடைத்தது.

அதன்பின் கூட்டம் பெருகியது. தட்டச்சுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தவர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் பிரமாணப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். ஒருமுறை ஏற்கப்பட்ட வாசகத்தில் கைவைப்பது குற்றம் என்பது அவர் பயின்ற ஒழுக்கம். மாற்றத்தக்கவை பெயரும் தேதியும் மட்டுமே. விண்ணப்பக்கா பலமுறை வற்புறுத்திய பிறகு அணைக்கட்டையும் மாற்ற இசைந்தார். கணினி படிப்பவரை மாமா ஒரு கணினிக்கு முன்னும், செவிலியர் படிப்புக்குச் செல்பவரை ஒரு மருத்துவமனை வார்டுக்கும், வணிகம் படிப்பவரை ஒரு சந்தைக்கும் அழைத்துச் சென்றார். நரையும் குரலும் கேள்வியும் அப்படியே இருந்தன. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மேசைகளில், நாற்பத்து மூன்று அதிகாரிகள் அவரை ஐயமின்றி நம்பினர். அத்தனை பேர் நம்பிவிட்ட ஒருவர் தொடர்ந்து இல்லாமலிருப்பது எளிதன்று. நாற்பத்து மூன்றாம் அதிகாரி ஒப்புதல் முத்திரை இட்ட மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

கதவைத் திறந்த குழாய் பழுதுபார்ப்பவரின் மனைவிக்கு உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. எனினும் அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. "இத்தனை வருஷமா ஒரு போன் பண்ணக்கூட உனக்குக் கை வரலையா?" என்று கேட்டு அழுதார். மாமாவுக்கென்று எழுதப்பட்டிருந்தது ஒரே வாக்கியம். சமையலறையில் விசில் அடித்துக்கொண்டிருந்த குக்கரை நோக்கி, "இது எப்படி இயங்குகிறது என்று யோசித்ததுண்டா?" என்று மென்மையாகக் கேட்டார். அன்றே நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் செய்தி பரவியது. தாய்மார்கள் தத்தம் வயதுக்கேற்ப அவரை அண்ணன் என்றோ தம்பி என்றோ ஏற்றுக்கொண்டனர். திருமணத்தின்போது இப்படியொருவர் இருக்கவில்லையே என்று கணவன்மார்களுக்கு மட்டும் தோன்றியது. ஆயினும் மனைவியின் சகோதரனை இல்லாதவன் என்று சொல்லும் துணிவு அவர்களில் எவருக்கும் வாய்க்கவில்லை. யார் வீட்டில் எந்த நாள் என்னும் அட்டவணையைத் தட்டச்சு அம்மையார் மூன்று பிரதிகளாகத் தயாரித்தார்.

நிலையம் வளர்ந்தது. மாமாவும் வளர்ந்தார்; ஒவ்வொரு கடிதமும் அவருக்குப் புதிதாக எதையேனும் சேர்த்தது. மொழியியல் படிக்கச் சென்றவளால் அவருக்கு ஏழு மொழிகள் வந்தன. இசை பயிலச் சென்றவனால் வயலின் வந்தது. பேச்சு வந்ததும் முறையிடுதலும் உடன் வந்தது. ஒருநாள் காலை நொண்டியபடி படியேறினார்.

"என்னம்மா, எழுந்ததிலேருந்து இடது கால் இழுக்குது. யாருக்கு எழுதின?"

"சமூகப் பணி படிக்கப் போற பொண்ணுக்கு, மாமா. வெள்ளத்துல நாலு பேரைக் காப்பாத்தியிருக்கீங்க."

"ரெண்டு பேரோட நிறுத்தியிருந்தா கால் தப்பிச்சிருக்கும்ல?"

எழுதியது நம்பப்பட்டுவிட்டால் அது அவர் உடலில் நிகழ்ந்துவிடும் என்பது அன்று இருவருக்கும் தெளிவாயிற்று. இனி எச்சரிக்கையாக இருப்பதாக விண்ணப்பக்கா வாக்களித்தார். எதிர்த்தெருவில் தொடங்கப்பட்ட போட்டி நிறுவனம் இந்த வெற்றியைக் கண்டு ஓர் அத்தையை எழுதியது. அத்தையும் வந்தார். அலுவலகத்தில் தூசி இருப்பதைக் கண்டார், ஊழியர்கள் உட்காரும் விதத்தைக் கண்டார், உரிமையாளர் தலைவாரியிருந்த விதத்தையும் கண்டார்; மூன்றே வாரத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டது. விண்ணப்பக்காவோ மருந்துக்கடையின் இரண்டாம் தளத்தையும் எடுத்துக்கொண்டார். காத்திருப்போருக்கு நீண்ட சோபா வந்தது. மாமா பகலெல்லாம் அதில் அமர்ந்து, வரும் பிள்ளைகளிடம் தம் கேள்வியைக் கேட்பார். விநோதம் என்னவென்றால், சிலர் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினர். இரண்டாம் தளம் வந்தபின் விண்ணப்பக்காவுக்குக் கடிதங்களைப் படிக்க நேரமில்லாமற் போயிற்று. கட்டாக வந்தவற்றில் கட்டாகக் கையெழுத்திட்டார். வளர்ந்த நிறுவனங்களின் வழக்கம் அது.

ஆறாம் ஆண்டில் கீழே இருந்த மருந்துக்கடைக்காரர், மருத்துவம் படிக்க விரும்பிய தம் மகளை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். கடிதம் அனுப்பப்பட்ட இரண்டாம் நாள், பிற்பகல் மூன்று மணி. சோபாவில் இருந்த மாமா தண்ணீர் வடிகட்டியைச் சுட்டி, "இது எப்படி…" என்று தொடங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சத்தம் கேட்டுக் கீழிருந்து மருந்துக்கடைக்காரரின் மகள் ஓடிவந்து அவர் மார்பில் காது வைத்தாள். "ஒண்ணுமே கேக்கல," என்றாள்.

விண்ணப்பக்கா கணினியைத் திறந்தார். பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்த விண்ணப்பத்துக்கு நேரே 'முதல் பக்கம் படிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து ஒளிர்ந்தது. இரண்டாம் பத்தியை அவர் அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார்: 'அறுவை அறையிலிருந்து வெளியே வந்த மருத்துவர், என் மாமா இறந்துவிட்டதாக அறிவித்தார். அக்கணமே நான் மருத்துவராவது என உறுதிபூண்டேன்.' கடைசியில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"யார் இதை எழுதினது?"

"நான்தான்," என்றார் தட்டச்சு அம்மையார், குற்றவுணர்வு சிறிதும் இன்றி. "டாக்டர் படிப்புக்கு ஒரு சாவு வேணும்மா. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் எழுதுறாங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே?"

அனுப்பிய பக்கத்தைத் திரும்பப்பெற வழியில்லை. தளத்தின் அடியில் 'கூடுதல் விளக்கம்' என்றொரு சிறு கட்டம் மட்டும் திறந்திருந்தது. நூறு சொற்கள் அனுமதி. அதற்கு மாணவியின் கடவுச்சொல் தேவை. அதற்குள் மருந்துக்கடைக்காரர் கையில் மாத்திரைகளுடன் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். நிலைமையைக் கேட்டதும் மாத்திரைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேடம், அந்தச் சாவுதான் லெட்டருக்கே உயிர். வீட்ல படிச்சுட்டு எல்லாரும் அழுதோம். அதுல கைய வைக்காதீங்க."

"சார், அவர் இங்க செத்துக் கிடக்கிறார்."

"கஷ்டமாத்தான் இருக்கு. யாராவது செத்தே ஆகணும்னா என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவனை வேணா போட்டுக்கோங்க. ஆனா பாப்பா சீட்டு போகக்கூடாது."

"சீட்டு போனா அடுத்த வருஷம் இன்னொண்ணு வாங்கித் தர்றேன். மாமாவை நான் எங்க போய் வாங்குவேன்?"

மகள் இருவரையும் பார்க்கவில்லை. மாமாவின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தவாறே மறு கையால் விசைப்பலகையை இழுத்துக் கடவுச்சொல்லை அடித்தாள். "எழுதுங்கக்கா, சீட்டு போனாப் போகட்டும்," என்றாள். அந்தப் பெண் அதுவரை அவ்வலுவலகத்தில் பேசியவற்றுள் அதுவே மிக நீண்ட உரை.

விண்ணப்பக்காவின் விரல்கள் விசைகளின் மேல் நின்றுவிட்டன. என்ன எழுதுவது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அதை யார் படிப்பார் என்பதுதான் விளங்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் கூடுதல் விளக்கம் எதையும் எந்த அதிகாரியும் படித்து அவர் கண்டதில்லை. அவை குண்டூசி குத்தப்பட்ட நிலையிலேயே மூட்டையேறின. அவ்வதிகாரிகள் தேநீரையும் தள்ளிவைத்துவிட்டு ஆர்வத்துடன் படித்த ஒரே பொருள் இன்னொருவர் செய்த தவறு. ஆகவே கட்டத்தின் உச்சியில் அவர் தலைப்பிட்டார்: 'முதல் பக்கத்தில் உள்ள பெரும் பிழை குறித்து'. அதன்கீழ், அறிவித்த மருத்துவர் அவசரப்பட்டுவிட்டதாகவும், அறிவிப்பை நம்பாத தான் மாமாவின் மார்பில் காது வைத்துக் கேட்டதாகவும், மிக மெல்லிய துடிப்பொன்று கேட்டதாகவும், இனி எவரையும் அவசரப்பட்டு இறக்கவிடாதிருக்கவே தான் மருத்துவம் பயில விரும்புவதாகவும் மாணவியின் குரலில் எழுதினார். தொண்ணூற்றெட்டுச் சொற்கள் ஆயின. தட்டச்சு அம்மையார் எட்டிப்பார்த்து ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினார்.

பிறகு செய்வதற்கு ஏதுமில்லை. படியெங்கும் தாய்மார்கள் நிறையத் தொடங்கினர். குழாய் பழுதுபார்ப்பவரின் மனைவி மாமாவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு, போன் பண்ணாததற்காக மறுபடியும் திட்டினார். மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரம் நின்று யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குத் திரையில் இரண்டாவது பச்சை எழுத்து தோன்றியது: 'கூடுதல் விளக்கம் படிக்கப்பட்டது'. மாணவி மீண்டும் காது வைத்தாள். இம்முறை மெல்லிய துடிப்பொன்று கேட்டது. மாமா எழுந்து உட்கார்ந்து, இத்தனை பெண்கள் ஏன் நிற்கிறார்கள், யாரேனும் நாற்காலி போடக்கூடாதா என்று ஏழு மொழிகளிலும் கடிந்துகொண்டார்.

மருந்துக்கடைக்காரரின் மகளுக்கு இடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் கடிதம் முதல் வரியில் அவளுடைய மாமாவின் மறைவுக்கு இரங்கலும், இரண்டாம் வரியில் அவர் நலமடைந்தமைக்கு மகிழ்ச்சியும் தெரிவித்திருந்தது. அதன்பின் விண்ணப்பக்கா ஒவ்வொரு கடிதத்தையும் தாமே படித்தார். மாணவர் வாயிலிருந்து ஓர் உண்மை வரும்வரை எழுந்துபோக விடுவதில்லை. எவரோ ஒருவரின் தந்தை நனைந்து வருவதையும் முழுப் பத்தியாக எழுதினார். மூன்றாம் தளமும் வந்தது.

எனினும் முதல் பக்கம் முதல் பக்கமாகவே கோப்பில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அதே தேதியில், அதே நேரத்தில் பழைய கோப்புகளைத் தணிக்கை செய்கிறது; அங்கே ஓர் அதிகாரி முதல் பக்கத்தைப் படித்து, நிதானமாகக் கூடுதல் விளக்கத்துக்கு வந்துசேர நாற்பது நிமிடம் ஆகிறது. கடந்த ஆண்டு அந்நாளில் புதிதாக வந்த ஒரு தாய், சோபாவில் நீட்டிப் படுத்திருந்தவரை உற்றுப்பார்த்து, "இவருக்கு மூச்சே இல்லையே?" என்றார்.

"இப்போ இறந்திருக்கார்," என்றார் தட்டச்சு அம்மையார், அச்சுப்பொறி மென்ற தாளை இழுத்தெடுத்தவாறே. "மூணு நாப்பதுக்கு எழுந்துடுவார். உட்காருங்க."

அந்தத் தாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. மாமாவின் கால்களை மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டுச் சோபாவின் ஓரத்தில் அமர்ந்து, பேனா கேட்டு வாங்கி, படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.