ஈரம் படக் கூடாத சவ்வு

"கைக்கும்மா, எதுக்கும்மா இது? தண்ணி பட்டா செத்துப்போறதை யாராச்சும் கஷ்டப்பட்டுச் செய்வாங்களா?" என்று ஜெஸ்ஸியின் மகள் ஒருமுறை கேட்டாள்.

ஜெஸ்ஸி சிரித்துக்கொண்டே விளக்கினாள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் நடுவே காகிதம் போல ஒரு சவ்வு இருக்கும். சாதாரணச் சவ்வுக்கு ஈரம் வேண்டும். சூடு ஏறினால் காய்ந்து படுத்துவிடும். அவள் செய்யும் சவ்வு, தண்ணீருக்குப் பதில் அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நூற்றறுபது டிகிரியிலும் உழைக்கும். ஆனால் கலம் ஆறும்போது உள்ளேயுள்ள நீராவி தண்ணீரானால், அமிலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு ஃபங்ஷன் ஹாலுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சிறிய நிறுவனம். கணவனை இழந்த ஜெஸ்ஸி தினமும் திருமுல்கேரியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அவளுடைய சவ்வும் உமேஷுடைய சவ்வும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சோதனையில் ஓடிக்கொண்டிருந்தன. இருவரில் ஒருவரைத்தான் இனி வைத்துக்கொள்ள முடியும், யாருடைய சவ்வு தாக்குப்பிடிக்கிறதோ அவருக்கு வேலை என்று தலைவர் ஜகதீசன் சொல்லிவிட்டார்.

உமேஷ் ரயில்வே காலனியில் வளர்ந்தவன். போன வருஷம் ஜெஸ்ஸி, சாதாரணச் சவ்வோடு வேலை செய்த பழைய கைப்பழக்கத்தில் ஈர வாயுவின் வால்வைத் திறந்து, இருந்த ஒரே நல்ல கலத்தைக் கெடுத்துவிட்டாள். ஜகதீசன் கத்தியபோது உமேஷ் முந்திக்கொண்டு, "நான்தான் சார்" என்றான். அவனுக்கு வரவிருந்த பதவி உயர்வு கைநழுவிப் போயிற்று.

வராந்தாவில் நின்று அழுதவளிடம், "நக்கோ, வேணாம் அக்கா, விடுங்க. உங்களுக்குச் சின்னப் புள்ள இருக்கு. எனக்குத் திட்டு வாங்கறது ஸ்கூல்லேர்ந்தே ப்ராக்டிஸ்" என்றான்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் உமேஷ்."

"இப்போ சொன்னா ரெண்டு பேரையும் தூக்கிடுவாரு. பேசாம டீ குடிங்க."

இரண்டு சவ்வுகளும் சோதனையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜெஸ்ஸி ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. உமேஷ் தன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். மழை கொட்டியது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து கரண்ட் போயிற்று. ஹீட்டர்கள் நின்றன, ஹைட்ரஜன் தானாக அடைபட்டது. இனி இரண்டு கலங்களும் ஆறும்வரை உலர்ந்த நைட்ரஜனை உள்ளே ஓட்டி நீராவியை வெளியேற்ற வேண்டும்.

அவளுடைய நைட்ரஜன் சிலிண்டரில் கொஞ்சம் மீதி இருந்தது. உமேஷுடையதில் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் மாற்ற மறந்திருக்கிறான். இருப்பது ஒரு கலத்துக்குத்தான் போதும். பங்கிட்டால் இரண்டும் போகும்.

காஸ் கடைக்குப் போன் செய்தாள். "சண்டே மேடம், ரோடெல்லாம் தண்ணி. வண்டி வராது, நக்கோ" என்று வைத்துவிட்டார்கள்.

உமேஷை அழைத்தாள்.

"அக்கா, அம்மாவை ஐசியூவுல போட்டிருக்காங்க." குரல் உடைந்திருந்தது. "அங்க எல்லாம் ஓகேவா?"

"ஓகேதான்ப்பா. நீ அம்மாவைப் பாரு."

போனை வைத்துவிட்டு, "ஆண்டவரே, இன்னொரு வழி காட்டும்" என்று முணுமுணுத்தாள். வழி ஒன்றும் வரவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. நாலு வருஷ உழைப்பு கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தது. இந்த வேலையும் போனால் பிள்ளையோடு எங்கே போய் நிற்பது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஸ்பானரை எடுத்துத் தன் சிலிண்டரைக் கழற்றினாள். உமேஷின் கலத்தில் மாட்டித் திறந்தாள். உஸ்ஸென்று வாயு உள்ளே ஓடியது.

அவளுடைய கலத்தின் வெப்பமானி நூற்றுக்குக் கீழே இறங்கியது. வெளிக்குழாயின் அடியிலிருந்த கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அமிலம் போகிறது. நல்ல காரியம் செய்தால் மனம் லேசாகும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள், ஒன்றும் லேசாகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து எழுந்தாள். உமேஷின் காலி சிலிண்டரை உருட்டி வந்து தன் மேசையோரம் நிறுத்திச் சங்கிலியைப் பூட்டினாள். அதில் தொங்கிய, அவன் பெயர் எழுதிய அட்டையைக் கழற்றித் தன் சிலிண்டரில் மாட்டிவிட்டு, தன் பெயர் அட்டையைக் காலி சிலிண்டரில் மாட்டினாள். நாளைக்கு ஜகதீசன் வந்து பார்த்தால், காஸ் மாற்ற மறந்தவள் ஜெஸ்ஸி.

அப்புறம் உமேஷின் கலம் முழுவதும் ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, வால்வை மூடினாள்.