துரை வாதையின் பயனெட்

ஆன்ஸ்லினுக்கு வாதை, மாடன், பேய் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன், கோட்டாற்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் பயனெட். துப்பாக்கி முனையில் மாட்டுகிற அந்தக் கத்தி இத்தாலிக்காரன் செய்ததாக இருந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். துருப்பிடித்த இரும்பைக் கையில் கொடுத்தால் போதும், எந்தத் துப்பாக்கிக்கு உரியது, எந்தப் படைக்காரன் வைத்திருந்தது என்று சொல்லிவிடுவான். பீரோவுக்குள் பதினொன்று சேர்த்திருந்தான். "இதுல ஒண்ண வச்சாவது வெண்டைக்காய் நறுக்க முடியுமா?" என்று மனைவி ஜாஸ்மி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஆகவே கருங்கல் பக்கத்திலிருந்து சபிதா என்ற பெண் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்து, தங்கள் குடும்பக் கோயிலில் இத்தாலி பயனெட் ஒன்று நிற்கிறது, வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டதும், மறுநாளே கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினான். போகும்போதே மனசுக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. எப்படியாவது அதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவது.

சபிதா வாசலிலேயே நின்றாள். ஏழு மாத வயிறு. கணவன் அனிஷ் குவைத்தில். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கு நடுவே இடுப்பளவு மண் பீடம், அதன் உச்சியில் செருகி நிறுத்திய இரும்பு. குங்குமமும் எண்ணெயும் அப்பி அப்பி அது கறுத்துப்போயிருந்தது. கீழே வாழையிலையில் உச்சிப் படையல் தயாராக இருந்தது. கோழிக்கறி, சுருட்டு, ஒரு கால் குப்பி பிராந்தி.

"இவருதான் துரை வாதை" என்றாள்.

அனிஷின் தாத்தா முத்துநாயகம் இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு, அப்போது இத்தாலிக்காரன் வசமிருந்த எரித்திரியாவுக்குப் போனவர். அங்கே ஓர் ஊருக்குள் நுழைந்த ராத்திரி, ஒரு வீட்டு வாசலில் துப்பாக்கியும் பயனெட்டுமாக நின்ற இத்தாலி துரையைச் சுட்டார். பயனெட்டைக் கழற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். பின்னாலேயே செத்தவனும் வந்துவிட்டான். இந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. கொலையுண்டவன் கொன்றவனின் வீட்டைத் தேடி வந்தால் அவன்தான் வாதை. ஓர் இடம் கொடுத்து, வேளைக்குச் சோறு போட்டு, சாமியாக்கி உட்கார வைத்துவிட வேண்டும். இந்த வீட்டாரும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

"எனக்க மூணு பிள்ளையும் ஏழாம் மாசந்தான் போச்சுது அண்ணே" என்றாள் சபிதா. குரலில் அழுகை இல்லை, அழுது முடித்த குரல் அது. "மார்த்தாண்டத்துல குறி கேட்டோம். படையல வாதை கையேக்கல்ல, ஆளு யாருன்னு தெரிஞ்சு போடுங்கன்னு குறிகாரரு சொன்னாரு. ஆபீசரா, சிப்பாயா, என்ன தின்னுவாரு, எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்துச் சொல்லுங்க. இது நாலாவது."

"நான் தொடலாமா?"

"நீங்க வேதக்காரரு. உங்கள ஒண்ணும் செய்யாது."

ஆன்ஸ்லின் சிரித்துக்கொண்டே பிடுங்கினான். நட்டநடு மத்தியானம், இலை அசையவில்லை. ரப்பர் காய்கள் மட்டும் எங்கெங்கோ வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெடிப்புக்கும் அவன் திடுக்கிட்டான், பிறகு தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

துணியால் துடைத்தான். தட்டையான கத்தி இல்லை, கம்பி மாதிரி நீண்ட ஊசி வகை. அடியில் கீல். துப்பாக்கியோடு சேர்ந்தே இருக்கும், மடக்கி வைக்கலாம். குதிரைப்படைக்காரன் துப்பாக்கியில் வருவது. பன்னிரண்டாவது வந்துவிட்டது என்று உள்ளம் துள்ளியது. ஆனால் டேப்பை வைத்து அளந்தபோது அளவு உதைத்தது. நீளம் குறைவு, கனமும் குறைவு. முனை கூராக இல்லை, உருண்டையாக இருந்தது. தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒடிந்திருக்கும் என்று பூதக்கண்ணாடியை எடுத்தான். தேய்ந்த முனை என்றால் இரும்பு வெளுத்துத் தெரியவேண்டும். இங்கே எண்ணெய்க்கு அடியில், அந்த உருண்டையின் மேலேயே, தொழிற்சாலையில் ஏற்றிய கருநிறப் பூச்சு கலையாமல் இருந்தது. முனையை மழுக்கியே செய்திருக்கிறார்கள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. படங்களில் பார்த்திருக்கிறானே தவிர, கையில் தொட்டதில்லை. அவனுக்குத் தெரிந்து இந்த நாட்டில் யாரிடமும் இல்லை.

"ஆபீசரா அண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய ஆபீசர், கெட்ட கோபக்காரன், இதை இங்கே வைக்காதே, நான் கொண்டுபோய் முட்டத்தில் கடலில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னால், கும்பிட்டுத் தந்துவிடுவாள். பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சபிதா வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கியபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆபீசரும் இல்ல, சிப்பாயும் இல்ல தங்கச்சி. அந்தக் காலத்துல இத்தாலிக்காரன் பள்ளிக்கூடத்துப் பயலுவளுக்கு டிரில் பழக்கச் சின்னதா துப்பாக்கி செஞ்சான். பாக்க அசலு மாதிரியே இருக்கும். ஒருத்தன ஒருத்தன் குத்திரக் கூடாதுன்னு பயனெட்டுக்க முனைய மழுக்கி விட்டிருப்பான். இது அதாக்கும்."

"பயலுவன்னா?"

"எட்டு வயசுலேந்து பதினாலு வரைக்கும்."

சபிதா பீடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எங்கோ ஒரு காய் வெடித்தது. இருட்டில் வாசலில் நின்ற சின்ன உருவமும், எதிரே துப்பாக்கியைத் தூக்கிய முத்துநாயகமும் ஆன்ஸ்லின் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தபோதுதானே அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கும்! அதை வெளியே சொல்ல முடியாமல் துரை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"பாட்டா உசிரோட இருக்க வரைக்கும் இங்க சாராயம் வைக்க விடமாட்டாராம்" என்றாள் சபிதா மெல்ல. "கை நிறைய மிட்டாயக் கொண்டு வச்சிட்டு, கிட்ட இருந்து அழுவாராம். கெழவனுக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். முப்பது வருஷத்துக்கு முன்ன அவரு செத்த பொறவுதான் மாமா சாராயமும் சுருட்டும் வச்சாரு. அதுக்குப் பொறவு இந்த வீட்டுல ஒரு பிள்ளையும் தங்கல்ல."

முப்பது வருஷமாக ஒரு குழந்தைக்குச் சாராயம் ஊற்றியிருக்கிறார்கள். ஆன்ஸ்லினுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் எதையும் நம்பாதவன் என்பது நினைவுக்கு வந்தது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பயனெட்டைப் பீடத்தில் பழையபடி செருகினான். கை அதை விட்டு வர ஒரு கணம் ஆயிற்று.

சபிதா குப்பியைத் தூக்கி ரப்பர் மரத்து மூட்டில் கவிழ்த்தாள். சுருட்டை எறிந்தாள். வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் பாலும், நன்றாகப் பழுத்த ஏத்தம்பழமும் கொண்டுவந்தாள். பாலில் சீனியைப் போட்டு ஆற்றினாள். பழத்தை உரித்து, துண்டு துண்டாக நறுக்கிப் புது இலையில் வைத்தாள். பிறகு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, மரங்களுக்கு இடையே போகிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள்.

"வா மக்கா" என்றாள். "பயப்படாத. ஒருத்தரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க. வந்து சாப்பிடு."

ஆன்ஸ்லின் அந்தப் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தான். சட்டென்று ஒதுங்கி வழிவிட்டான்.